எண் உயிரோடுதான் இருக்கிறது. ஓடிபி ஏன் வரவில்லை?

2022 கோடையில் மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வந்த சித்தப்பா, வந்த அன்று மாலையே பணப்பையின் உள்மடிப்பிலிருந்து ஒரு சிம் கார்டை எடுத்துப் போனில் போட்டார். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் 2008-இல் வாங்கிய எண் அது. வங்கிக் கணக்கு, ஆதார், காப்பீடு, கேஸ் இணைப்பு என்று அவர் பெயரில் உள்ள எல்லாக் காகிதங்களிலும் அந்த எண்தான் இருந்தது. கொரோனாவால் இரண்டரை ஆண்டுகள் அவரால் ஊருக்கு வர முடியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தும் சிக்னல் ஏறவில்லை. என் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். ஓசூர் பக்கம் இருக்கிறாராம். எட்டு மாதமாக அது அவருடைய எண்ணாம். “வேறு யார் பெயருக்கோ பேங்க் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது அண்ணா, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்” என்றார்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த வைப்புத்தொகை முதிர்ந்து கிடந்தது. வங்கியில் எதைத் தொட்டாலும் பதிவான எண்ணுக்கு ஓடிபி போனது, அதாவது ஓசூருக்குப் போனது. எண்ணை மாற்ற விண்ணப்பம், அதற்கு முகவரிச் சான்று, அதற்கு முன் ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி விரல் ரேகை வைக்கும் வரிசை. முப்பது நாள் விடுப்பில் பதினோரு நாட்கள் இதற்கே போயின. அவர் எங்கே தவறினார் என்று அதன் பிறகு விதிகளையும் திட்டங்களையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ‘சிம் எத்தனை நாள் தாங்கும்?’ என்று நாம் எல்லோரும் ஒரே கெடுவைப் பற்றிக் கேட்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு கெடுக்கள் ஓடுகின்றன. எண் யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு கெடு. அந்த எண்ணுக்குச் சேவை வருகிறதா என்பதற்கு வேறொரு கெடு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வெளிநாட்டில் வாழும் பலர் தங்கள் இந்திய எண்ணை இழக்கிறார்கள்.

இழப்பு ஏன் இவ்வளவு பெரிது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. அந்தக் கூடுதல் சரிபார்ப்புக்கு வங்கிகளுக்கு எளிதாகக் கிடைத்த கருவி எஸ்எம்எஸ். பிறகு ஆதார் வந்தது. 2016-இல் யுபிஐ வந்தது. அது போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் கணக்கை எண்ணோடு முடிச்சுப் போடுகிறது. வருங்கால வைப்பு நிதி, வருமான வரிக் கணக்கு, டிஜிலாக்கர் என ஒவ்வொன்றும் அதே எண்ணில் வந்து தொற்றிக்கொண்டன. ஊரில் இருப்பவருக்கு எண் போனால் அரை நாள் அலைச்சல். கடல் தாண்டி இருப்பவருக்கு அது ஒரு விமான டிக்கெட்டின் விலை.

முதல் கெடு எண்ணுக்கானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 பிப்ரவரியில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி, ப்ரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார் என்பதற்காக எந்த நிறுவனமும் முடக்கக் கூடாது. தொண்ணூறு நாட்கள் கடந்தாலும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால், அதிகபட்சம் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மேலும் முப்பது நாட்களுக்கு எண்ணைத் தக்கவைக்க வேண்டும். பணம் இருக்கும்வரை இது முப்பது முப்பது நாளாகத் தானாகவே நீளும். பணமும் தீர்ந்தால், எண்ணை மீட்டுக்கொள்ளப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. 2025 ஜனவரியில் ‘20 ரூபாய் இருந்தால் போதும், சிம் உயிரோடு இருக்கும்’ என்று ஒரு புதிய விதி போல எல்லோர் போனிலும் பரவியது இந்தப் பன்னிரண்டு வயது விதிதான்.

அந்தச் செய்தியை நம்பி 20 ரூபாயை மட்டும் விட்டுவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. விதி காப்பது எண்ணை மட்டும்தான். அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வந்து சேர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அது இரண்டாவது கெடுவின் வேலை.

இரண்டாவது கெடு பிறந்தது 2018 இறுதியில். அதற்கு முன் நம்மில் பலரிடம் இருந்தவை ‘லைஃப்டைம்’ சிம்கள். 2005 இறுதியில் வந்த அந்தத் திட்டங்களில், சுமார் ஆயிரம் ரூபாயை ஒரு முறை கட்டிவிட்டால் உள்வரும் அழைப்பு நிற்காது என்பது வாக்குறுதி. நாளாக ஆக அந்தத் தொகையும் இறங்கிக்கொண்டே வந்தது. வளைகுடாவுக்குப் போன ஒரு தலைமுறை அந்த நம்பிக்கையில்தான் சிம்மைப் பணப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியது. 2016-இல் ஜியோ வந்த பிறகு விலைப்போர் மூண்டது. பணம் கட்டாமல் அழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான எண்கள் பழைய நிறுவனங்களுக்குச் சுமையாகத் தெரியத் தொடங்கின. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் மாதம் குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும், இல்லையேல் முதலில் வெளிச்செல்லும் அழைப்பும் பிறகு உள்வரும் சேவையும் நிற்கும் என்றன. கணக்கில் பணம் இருக்கும்போதே சேவையை நிறுத்துகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. அந்த நவம்பரில் டிராய் தலையிட்டு, உடனே துண்டிக்காதீர்கள், வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றது. ஆனால் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்பதுதான் இந்தியாவின் பொதுக் கொள்கை. ஆகவே குறைந்தபட்ச ரீசார்ஜ் நிலைத்துவிட்டது.

அதன் பிறகான ஏற்றம் செங்குத்தானது. ஏர்டெல்லின் அடிமட்டத் திட்டம் 2021 ஜூலையில் 79 ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் 99. 2023 தொடக்கத்தில் பெரும்பாலான தொலைத்தொடர்பு வட்டங்களில் 155, அதுவும் 24 நாளுக்கு. 2024 ஜூலையில் 199. மற்றவை 28 நாள் திட்டங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தான், ஆனால் 28 நாள் கணக்கில் பதின்மூன்று ரீசார்ஜ். 35 ரூபாய்க் காலத்தில் ஆண்டுக்கு 455 ரூபாயாக இருந்த செலவு 2,587 ஆனது. நிறுவனங்களின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் எளிது: ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாகக் கிடைக்கும் வருவாய் ஏர்டெல்லுக்கு 2018 இறுதிக் காலாண்டில் 104 ரூபாய், 2024 இறுதிக் காலாண்டில் 245. பேசாமல், இணையம் பயன்படுத்தாமல், ஓடிபிக்காக மட்டும் எண்ணை வைத்திருப்பவர் அந்தச் சராசரியைக் கீழே இழுக்கிறார். அவருக்கென்று மலிவான திட்டம் போட அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

இரண்டு கெடுக்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் சித்தப்பாவுக்கு நேர்ந்தது புரியும். ரீசார்ஜ் கெடு முடிந்தவுடன் வெளிச்செல்லும் சேவை நிற்கிறது. நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நிற்கின்றன. எண் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் ஊமையாகிவிட்டது. வங்கி அனுப்பும் ஓடிபி காற்றில் கரைகிறது. இந்த ஊமைக் காலத்தில் யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்து எண்ணை எழுப்பிவிடலாம். ப்ரீபெய்டு ரீசார்ஜுக்கு எண் தெரிந்தால் போதும். எத்தனையோ பேருக்கு இது தெரியாமல், தங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்ட முயன்று, அதற்கான ஓடிபி ஊமையான அதே எண்ணுக்குப் போவதைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். வெளிநாட்டு வங்கி அட்டைகளைப் பல ரீசார்ஜ் செயலிகள் ஏற்பதுமில்லை. ஊரில் இருக்கும் தங்கைக்கு ஒரு போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் தீரும் விஷயம் அது. அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் தொண்ணூறு நாட்களும் அவகாசமும் ஓடிவிட்டால் எண் போய்விடும்.

நல்லதும் ஒன்று நடந்தது. 2024 டிசம்பரில் டிராய், இணையம் சேராத, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று விதித்தது. அதுவரை தொண்ணூறு நாளைத் தாண்டக் கூடாது என்றிருந்த சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்களின் காலத்தை 365 நாள்வரை நீட்டியது. அடுத்த மாதமே ஏர்டெல்லும் வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனமும் 1,849 ரூபாய்க்கு 365 நாள் திட்டத்தையும், ஜியோ 1,748 ரூபாய்க்கு 336 நாள் திட்டத்தையும் கொண்டுவந்தன. விலைகள் மாறும், ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு ஓராண்டுத் திட்டத்தின் மதிப்பு விலையில் மட்டும் இல்லை. பதின்மூன்று முறை மறக்க வாய்ப்பிருந்த இடத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. பிரிட்டனில் கிஃப்காஃப் போன்ற நிறுவனத்தின் ப்ரீபெய்டு எண்ணை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயன்படுத்தினாலே அது நிலைக்கும். நம் நாட்டில் அந்த எளிமை இல்லை என்பதால், ஓராண்டுத் திட்டம்தான் இப்போதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் நெருங்கிய மாற்று.

அக்கரையில் அந்தச் சிம் எப்படி வேலை செய்கிறது

ரீசார்ஜ் இருந்துவிட்டால் எஸ்எம்எஸ் வந்துவிடுமா? வரும், ரோமிங் (வெளிநாட்டு நெட்வொர்க்கில் நம் சிம் இயங்கும் வசதி) திறந்திருந்தால். இதைப் பலர் விமான நிலையத்தைக் கடந்த பிறகுதான் உணர்கிறார்கள். சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்துவது, சில நிறுவனங்களில் அதற்கென ஒரு முறை பேக் போடுவது, எல்லாவற்றையும் சிம் இந்தியாவில் சிக்னலோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. ரோமிங்கைத் திறப்பதற்கான சரிபார்ப்புச் செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ரோமிங் என்றாலே கட்டணம் கொள்ளை என்ற பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதனால் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஆனால் ரோமிங்கில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. காரணம் அந்தத் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. துபாயில் போனை இயக்கியதும் அந்த ஊர் நெட்வொர்க் இந்தியாவில் உள்ள பதிவேட்டுக்குத் தகவல் அனுப்புகிறது: உங்கள் வாடிக்கையாளர் இப்போது என்னிடம் இருக்கிறார். வங்கி அனுப்பும் ஓடிபி முதலில் ஒரு எஸ்எம்எஸ் மையத்துக்கு வருகிறது. மையம் உங்கள் நிறுவனத்தின் பதிவேட்டைப் பார்த்து, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அதே தகவல் பாதையில் அந்தச் சிறு செய்தியைத் துபாய்க்குத் தள்ளிவிடுகிறது. குரல் அழைப்பு அப்படி இல்லை. அதற்கு இந்தியாவிலிருந்து துபாய்வரை ஒரு குரல் வழியைத் திறந்துவைக்க வேண்டும். துபாய் நிறுவனம் நிமிடக் கணக்கில் பணம் கேட்கும். அழைத்தவர் உள்ளூர் எண்ணுக்குத்தானே அழைத்தார்? அவரிடம் வாங்க முடியாது. ஆகவே மீதிச் செலவு எடுத்தவர் தலையில் விழுகிறது. சிம் போனில் இருக்கட்டும், எஸ்எம்எஸ் வரட்டும், அந்த எண்ணில் வரும் அழைப்பை எடுக்காமல் விடுங்கள், அந்தச் சிம்மின் டேட்டா ரோமிங்கை அணைத்துவையுங்கள். எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பும்படி அமைத்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அப்படித் திரும்பும் அழைப்புக்கும் ரோமிங்கில் கட்டணம் விழக்கூடும்.

எண்ணின் கெடு மீண்டும் முதலிலிருந்து தொடங்க 2013 விதி ‘பயன்பாடு’ என்று எதைக் கருதுகிறது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்வரும் அல்லது வெளிச்செல்லும் அழைப்பு, வெளிச்செல்லும் எஸ்எம்எஸ், டேட்டா, மதிப்புக்கூட்டுச் சேவை (காலர் ட்யூன் போன்றவை) ஆகியவை பயன்பாடு. உள்வரும் எஸ்எம்எஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டு முழுவதும் நூறு ஓடிபி வாங்கியவரும் விதியின் கண்ணில் எண்ணைப் பயன்படுத்தாதவர்தான். ரீசார்ஜ் நடப்பில் இருக்கும்போது நிறுவனம் துண்டிக்க வருவது அரிது என்றாலும், அதை நம்பிக் கைகட்டி இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்த எண்ணிலிருந்து ஊருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டால் போதும். திட்டத்தில் உள்ள இலவச எஸ்எம்எஸ் வெளிநாட்டில் செல்லாது. முதன்மை இருப்பிலிருந்து ரோமிங் விலையில் கழியும். அதற்காகக் கொஞ்சம் பணம் கணக்கில் கிடக்கட்டும்.

பழைய பட்டன் போனில் இந்தியச் சிம்மைப் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர்களின் காலம் பல நாடுகளில் முடிந்துவிட்டது. சிங்கப்பூர் 2ஜியை 2017 ஏப்ரலில் நிறுத்தியது, 3ஜியை 2024-இல். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியா 2024 இறுதியில் மூடியது. அங்கெல்லாம் 4ஜியில் குரல் அழைப்பைக் கையாளும் போன் வேண்டும். இல்லாவிட்டால் சிம்மில் ரீசார்ஜ் இருந்தும் டவர் கோடு ஏறாது. சிம் செத்துவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கி எறிந்தது இதனால்தான்.

இன்னொரு மாற்றம் நம்மவர்கள் அதிகம் வாழும் இடங்களில் இப்போதுதான் வந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லிருந்தே சிம் கார்டு போடும் தட்டு நீக்கப்பட்டது. 2025-இல் ஐபோன் 17 வந்தபோது ஓமன், கத்தார், சவுதி, குவைத், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றிலும் தட்டு இல்லை, இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) மட்டுமே. அங்கே போன் வாங்கி அதில் புதுக்கோட்டைச் சிம்மைப் போட நினைப்பவர் கடையில் நின்று விழிப்பார். இ-சிம்மாக மாற்றுவது ஊரில் இருக்கும்போது எளிய வேலை. ஆனால் அந்தப் போன் மஸ்கட்டில் உடைந்துபோனால் சாதாரணச் சிம்மைப் போலக் கழற்றி இன்னொன்றில் போட முடியாது. மறுபடி வழங்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அந்தச் சரிபார்ப்பு மீண்டும் அதே எண்ணைச் சுற்றியே நடக்கும். இரண்டு சிம் போடும் ஆண்ட்ராய்டு போன் கையில் இருக்கும் ஒருவருக்குச் சாதாரணச் சிம்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

அம்மா வாசிக்கும் ஓடிபி

நம் குடும்பங்களில் பரவலாக இருக்கும் வழி இன்னொன்று உண்டு. சிம்மை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது. அம்மாவோ மனைவியோ அதை ஒரு போனில் போட்டு வைத்திருப்பார். மகன் வாட்ஸ்அப்பில் அழைத்து, “அம்மா, இப்போது ஒரு நம்பர் வந்திருக்கும், வாசி” என்பான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு இலக்கங்களை வாசிப்பதற்குள் சில நேரம் கெடு முடிந்துவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி வாசி. சிகாகோவிலிருந்து கேட்டால் இங்கே நள்ளிரவு.

இதில் பொதிந்திருக்கும் ஆபத்து எனக்கு உறுத்துகிறது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்கிறது. நாமோ, போனில் ஒரு குரல் கேட்டால் ஓடிபியை வாசிக்க வேண்டும் என்று வீட்டின் மூத்தவருக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறோம். ‘உங்கள் மகன் சொன்னார், எண்ணை வாசியுங்கள்’ என்று வேறொரு குரல் கேட்டால் அவர் என்ன செய்வார்? மோசடிக்காரர் கேட்டாலும் வாசிக்கும்படி நாமே அவரைப் பழக்கியிருக்கிறோம். எஸ்எம்எஸ்ஸைத் தானாக மின்னஞ்சலுக்குத் திருப்பும் செயலிகளைச் சிலர் போடுகிறார்கள். எல்லாச் செய்திகளையும் படிக்கும் உரிமையை முகம் தெரியாத ஒரு செயலிக்குக் கொடுப்பது அதைவிட மோசம். சிம் எவருடையதோ அவருடைய போனில் இருக்கட்டும். வீட்டில் விட்டே ஆக வேண்டும் என்றால், கேட்பவர் மகன்தான் என்று உறுதிசெய்ய வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல் இருக்கட்டும்.

யார் பெயரில் சிம் இருக்கிறது என்பதையும் போகும் முன் பார்க்க வேண்டும். அப்பாவின் வாக்காளர் அட்டையில், அண்ணனின் ரேஷன் கார்டில் வாங்கிய சிம்கள் நம்மிடம் ஏராளம். சிம் தொலைந்தால் மாற்றுச் சிம் வாங்க, யார் பெயரில் எண் இருக்கிறதோ அவரே அடையாளச் சான்றோடு கடைக்கு வர வேண்டும். அப்பா காலமாகியிருந்தால் அந்தச் சிக்கலை விவரிக்க ஒரு தனிக் கட்டுரை வேண்டும். மாற்றுச் சிம் வாங்கியதும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் சேவை நிறுத்திவைக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சிம் மாற்றி மோசடி செய்வதைத் தடுக்க 2022-இல் தொலைத்தொடர்புத் துறை போட்ட கட்டுப்பாடு அது. ஒரு வார விடுப்பில் வருபவர் இதை முதல் நாளே முடித்தால்தான் இரண்டாம் நாள் வங்கிக்குப் போக முடியும்.

எண்ணை இழப்பதற்கு நம் கவனக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வேர்விட்டு வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலுக்கு விண்ணப்பித்தது. டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு குறியீடு வேண்டும். அதை எஸ்எம்எஸ்ஸில் பெற வேண்டும். பிறகு புதிய நிறுவனத்தின் கடைக்கு நேரில் போக வேண்டும். ஊரில் இருந்தவர்களே சிக்னல் தேடி அலைந்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

முடக்கிய எண்ணைக் குறைந்தது தொண்ணூறு நாட்களுக்கு வேறு எவருக்கும் தரக் கூடாது. அதன் பிறகு அது புதியவர் கைக்குப் போகலாம். இதை எதிர்த்த ஒரு மனு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பழைய வாடிக்கையாளர்தான் தன் தரவை நீக்கிக்கொள்ளும் முயற்சிகளை எடுக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. எண்கள் எல்லையற்றவை அல்ல, மறுசுழற்சி தவிர்க்க முடியாதது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வங்கிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராததுதான் உண்மையான குறை. முடக்கிய எண்களின் பட்டியலை டிராய் வெளியிடுகிறது. அதைக் குறைந்தது வாரம் ஒரு முறை ஒப்பிட்டுத் தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று வங்கிகளுக்கும் யுபிஐ செயலிகளுக்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2025 மார்ச் இறுதிவரை கெடு கொடுத்தது. ஓசூர்ப் பெண்ணின் போனுக்குச் சித்தப்பாவின் கணக்கு விவரம் எட்டு மாதம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு கட்டளை இல்லை. அவர் நல்லவராக இருந்ததால் பணம் தப்பியது.

இந்த எண்ணின் மேல் தொங்கும் பாரத்தைக் குறைப்பது கூடவே செய்ய வேண்டிய வேலை. வெளிநாடு வாழ் இந்தியரான பிறகு ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். அந்தக் கணக்குகளுக்குப் பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணையும் பதிவு செய்கின்றன, மின்னஞ்சலிலும் ஓடிபி அனுப்புகின்றன. 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களோடு என்ஆர்ஓ கணக்குகளிலும், வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை வைக்கும் என்ஆர்இ கணக்குகளிலும் யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்தது. வருமான வரிக் கணக்கை ஆதார் ஓடிபி இல்லாமல் நெட் பேங்கிங் வழியாகவோ, கையெழுத்திட்ட படிவத்தை முப்பது நாட்களுக்குள் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பியோ உறுதிசெய்யலாம். எஸ்எம்எஸ் ஓடிபிக்கு மாற்றான வழிகளை வங்கிகள் கையாள இடம் தரும் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2025 செப்டம்பரில் வந்தன. அவை நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது.

ஆனால் ஆதார் அசையவில்லை. வெளிநாட்டு எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு எஸ்எம்எஸ் அனுப்ப மாட்டோம் என்று ஆதார் ஆணையம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் ஆதாரில் பதிவான எண்ணைத்தான் நாடுகிறது. போதாதென்று, 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் எந்த எண்ணில் பதிவானதோ அந்தச் சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சிம் அம்மாவிடம், வாட்ஸ்அப் மகனிடம் என்று இருக்கும் குடும்பங்களுக்கு நேராகக் குறிவைத்தது போன்ற உத்தரவு இது. மோசடியைத் தடுக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் அரசே இந்த எண்ணை இவ்வளவு இன்றியமையாததாக்கிய பின், அதை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்வரை கட்டச் சொல்வது நியாயமில்லை. எஸ்எம்எஸ் வாங்குவதற்கு மட்டும் ஒரு திட்டம் வேண்டும். 2013 விதியின் 20 ரூபாய் எண்ணோடு சேர்த்து ஓடிபியையும் காக்க வேண்டும். டிராய் நினைத்தால் அந்த விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சித்தப்பா இப்போது வேறு எண்ணில் இருக்கிறார். அவருடைய பெயரிலேயே வாங்கிய சிம், இரண்டு சிம் போடும் போன், ரோமிங் திறந்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய வாரம் மகள் ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டுக் காலண்டரில் எழுதிவைக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில், அந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். எப்போதும் ஒரே வாசகம்தான்: ‘சாப்பிட்டாயா?’ நான் வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிறேன்.